சேலத்துப் பள்ளிகளில் சேலம் எங்கே இருக்கிறது? – விவாத இழை

மலையடிவார ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், உள்ளூரின் நிலம், தொழில், வழக்கம் ஆகியவற்றை 6 முதல் 9 வரையிலான வகுப்புகளின் பாடங்களோடு இணைக்க வேண்டும் என்று சில பெற்றோர் கேட்டனர். வேறு சிலர் அதை வன்மையாக மறுத்தனர். "தறியைப் பற்றித் தெரிந்துகொள்ள என் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டியதில்லை, அது வீட்டிலேயே இருக்கிறது" என்று ஒரு தந்தை சொன்னார். அந்தச் சொல்லுக்கு நான் இன்னும் நேரான விடை கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடநூலை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. பாடநூல் சொல்லும் கருத்துக்குள் நுழைய, பிள்ளைகள் நாள்தோறும் கடந்துபோகும் ஒரு பொருளையே வாயிலாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் முன்மொழிவு. கருப்பூர்ப் பக்கம் வெட்டி எடுக்கப்படும் வெள்ளைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான செங்கல் அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லும் வெள்ளையாகவே இருக்கும், அதுவும் ஒரு கார்பனேட்டுதான். இரண்டின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைத்துப் பொங்கும், வெள்ளைக்கல்லோ குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய பேசாமல் இருக்கும். பொடியாக்கிச் சூடேற்றினால்தான் அது நுரைக்கத் தொடங்கும். "கார்பனேட்டுகள் அமிலத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும்" என்ற ஒற்றை வரியை மனப்பாடம் செய்த மாணவர் இந்த இடத்தில் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பிலிருந்துதான் வினைவேகம், பரப்பளவு, வெப்பநிலை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் பிறக்கின்றன. வேறு மாவட்டத்து ஆசிரியருக்கு இந்தக் கல் எளிதில் கிடைக்காது. எங்களுக்கோ மிதிவண்டியில் போய் எடுத்துவரும் தொலைவில் கிடக்கிறது.

கஞ்சமலையின் ஓடைமணலில் காந்தத்தை இழுத்தால் கருந்துகள்கள் ஒட்டிக்கொண்டு வருவதும் இப்படிப்பட்டதே. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டர் அளவிலும் உள்ளன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்குப்படி 8 டிகிரி வரை வெப்பம் குறைய வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்துச் சன்னலோரம் வெப்பமானியை வைத்துக் குறித்துக்கொண்டே போனால், பாடநூலின் கணக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது என்று பார்க்கலாம்.

இவற்றை எப்படி ஒழுங்காகச் செய்வது என்பதைப் பற்றியும், அந்தத் தந்தையின் மறுப்புக்கு என்ன விடை என்பதைப் பற்றியும் உங்கள் கருத்துகளை வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மையாருக்கு வணக்கம். உங்கள் ஆர்வம் மெச்சத்தக்கது. ஆனால் அந்தத் தந்தையின் சொல்லைத் தனியொருவரின் எரிச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பின்னால் எழுபது ஆண்டு நினைவு இருக்கிறது.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அமைத்தது. நூற்பின் வழியாகக் கணக்கும், பருத்தியின் வழியாகப் புவியியலும் கற்பிக்கலாம் என்ற எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொன்னது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அதைக் கைவிட்டார். இராஜாஜி வழக்கறிஞராகத் தொழில் செய்ததும், 1917-இல் நகராட்சித் தலைவரானதும் நம் சேலத்தில்தான் என்பதால், இந்த வரலாறு நமக்கு மற்ற ஊர்களைவிடச் சற்று நெருக்கமானது.

ஆகவே, "உள்ளூர்த் தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவோம்" என்று தமிழ்நாட்டில் யார் சொன்னாலும், கேட்பவர் முதலில் நினைப்பது "யாருடைய பிள்ளை எந்த வேலைக்கு?" என்பதைத்தான். நெசவாளர் பிள்ளைக்குத் தறி, மலைப் பிள்ளைக்குக் காப்பித் தோட்டம், அதிகாரியின் பிள்ளைக்கு ஆங்கிலமும் கணினியும் என்று முடிந்துவிடுமானால், அதற்கு எவ்வளவு அழகான பெயர் சூட்டினாலும் நான் எதிர்ப்பேன்.

அம்மாபேட்டைக்காரன்

தலைமையாசிரியர் ஐயாவின் எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். நான் தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்தவன், இப்போது நெசவுத் தொழில்நுட்பத் துறையில் பணிபுரிகிறேன். அந்தத் தந்தை சொன்னதையே சிறிது மாற்றிச் சொல்கிறேன். தறி அவர் வீட்டில் இருக்கிறது, ஆனால் தறிக்குள் இருக்கும் கணக்கு அவர் வீட்டில் எவருக்கும் சொல்லித்தரப்படவில்லை. என் தந்தைக்குப் பாவு ஓட்டத் தெரியும், எத்தனை இழை என்று கைவிரலால் சொல்லத் தெரியும். அதைத் தாளில் எழுதும் முறையை யாரும் அவருக்குக் காட்டவில்லை. கூலியும் சேதாரமும் கணக்கிடப்படும்போது அவர் பேசாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

பருத்தி நூலின் நம்பர் என்பது என்ன? 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ, அந்த எண்ணிக்கைதான் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெஜம், அதாவது ஏறக்குறைய 30.7 கிலோமீட்டர் நீளம். ஒரு பவுண்டு நூலைப் பிரித்து நீட்டினால் சேலத்திலிருந்து ஏற்காடு வரை ஏறக்குறைய எட்டிவிடும். பட்டுக்கோ கணக்கு தலைகீழ்: 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அது டெனியர். பருத்தியில் எண் கூடக்கூட நூல் மெலிகிறது, பட்டில் எண் கூடக்கூட இழை தடிக்கிறது. நேர்விகிதம், எதிர்விகிதம் என்று ஏழாம் வகுப்பில் நாம் திணறுவதை இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்து விளக்கலாம்.

தறியின் மேல் இருந்து பூவேலைக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியின் அட்டைகளையும் பாருங்கள். துளை இருந்தால் அந்த இழை மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. சேலையின் முந்தானைப் பூ முழுவதும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு குறிகளால் எழுதப்பட்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான இந்த அட்டைமுறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள முனைந்தார். கணினிப் பாடத்தில் இரும எண்களை அறிமுகப்படுத்தும் ஆசிரியர், வேண்டாமென்று கழித்துப்போட்ட ஒரு பழைய அட்டைத்தொடரை வகுப்புக்கு எடுத்துவந்தால் போதும்.

இதை யார் படிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. என் விடை: நெசவாளர் பிள்ளை மட்டும் படித்தால் அது ஐயா அஞ்சுவதாகவே முடியும். அழகாபுரத்தில் மாடிவீட்டில் வாழும் பிள்ளையும் அதே அட்டையைக் கையில் எடுத்து எண்ண வேண்டும். அந்த ஒரு பாடவேளைக்காவது, கூடுதலாகத் தெரிந்தவராக நெசவாளர் பிள்ளை வகுப்பில் இருப்பார்.

இன்னொன்று. "நம் பண்பாடு" என்று ஒருமையில் பேசுகிறோம். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் சௌராட்டிரமும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக இருக்கின்றன. ஆடி மாதத்து வண்டி வேடிக்கையில் எல்லாரும் ஒரே தெருவில்தான் நிற்கிறோம். ஆயினும், உள்ளூர்ப் பண்பாட்டைப் பாடமாக்கும்போது எந்த வீட்டின் பண்பாடு பாடமாகும், எது விடுபடும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்

எல்லாரும் அறிவார்ந்து எழுதுகிறீர்கள். நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். என் மகள் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுத வேண்டும். அவள் மருத்துவம் படிக்க விரும்புகிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதால்தான் அந்த விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லவே எங்களால் முடிகிறது. அந்த இடங்களும் நீட் மதிப்பெண்ணைக் கொண்டுதான் நிரப்பப்படுகின்றன. மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் வினாத்தாள்களைத் தீர்த்துக்கொண்டிருக்க, எங்கள் பிள்ளைகள் மட்டும் ஓடைமணலில் காந்தத்தை இழுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? பணம் படைத்தோரின் பிள்ளைகளுக்கு இது ஒரு சுற்றுலா. எங்களுக்கு இழந்த பாடவேளை.

ஏற்காட்டுப் பட்டதாரி

அம்மாவின் கவலை நியாயமானது. எங்கள் ஊரில் பிறந்திருந்தால் அது இன்னும் கூடுதலாக இருக்கும்.

நான் இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன் (கேரளத்து மலையாளிகள் வேறு). அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பிறகு சேலத்தில் பட்டம் பெற்றேன். ஏற்காட்டில் இரண்டு வகையான விடுதிப் பள்ளிகள் உண்டு. வெளியூர்ப் பிள்ளைகள் மலைக்காற்றுக்காகப் பணம் கட்டி வந்து தங்கிப் படிப்பவை ஒரு வகை, எங்கள் பிள்ளைகள் தங்கிப் படிப்பவை இன்னொரு வகை. இரண்டிலும் ஒன்று பொது. மலை சன்னலுக்கு வெளியே இருக்கிறது, பாடத்துக்குள் இல்லை. ஆண்டுவிழாவில் மட்டும் எங்களை அழைத்து ஆடச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் வேடம் கலையும், பாடம் பழையபடி தொடரும்.

உள்ளூரையே வாயிலாகக் கொண்டு கற்பிக்கும் இடம்சார்ந்த கல்வி எனக்கு எதைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பதைச் சுற்றுலாப் பலகையில்தான் படித்தேன். காப்பி வருவதற்கு முன் அந்தச் சரிவுகளில் என்ன விளைந்தது, காட்டைத் திருத்தியவர் யார், சாமையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகள் எந்த முறையில் தோட்டங்களாயின, என் தாத்தாவின் தலைமுறை எப்போது கூலிக்குப் போகத் தொடங்கியது என்பவற்றை எந்தப் பலகையும் சொல்லவில்லை, எந்த ஆசிரியரும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஆங்கிலேயரின் நிலவரி முறைகளைப் பட்டியலாகப் படித்தோம். அந்தப் பட்டியலுக்கும் எங்கள் ஊர்க் கொல்லைக்கும் தொடர்பு உண்டு என்பது கல்லூரியில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் பெரியவர்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்றும் சொல்வார்கள். இதை அப்படியே பாடமாக்கிப் போற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாணவர்கள் இந்தக் கதையை வெவ்வேறு ஊர்களில் கேட்டு எழுதி, எங்கே எது மாறுகிறது என்று ஒப்பிட்டு, கதைக்கும் கல்வெட்டுக்கும் ஆவணத்துக்கும் என்ன வேறுபாடு என்று விவாதித்தால், வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதை அவர்கள் கற்றுக்கொள்வார்கள். கோடையில் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் பெரியவர்கள் வருவார்கள். விடுமுறைக் காலமானாலும், கேட்டு எழுத அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

செடிகொடிகளின் செய்தியும் இப்படித்தான். எங்கள் பாட்டிமார் ஒரு சரிவில் நின்றபடியே பல செடிகளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அதே ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு செடிக்கும் இலத்தீன் பெயர் உண்டு. இந்த இரண்டு அறிவும் ஒரே மலையில் இருந்துகொண்டு ஒன்றையொன்று சந்திக்காமலே இருக்கின்றன. ஒரு மாணவி இரண்டு பெயர்களையும் ஒரே ஏட்டில் எழுதினால், வகைப்பாட்டியல் அவளுக்கு மனப்பாடச் சுமையாக இராது. மருத்துவம் படிக்க விரும்பும் மாணவிக்கும் அது பயன்படும், அம்மா.

நாட்காட்டியைப் பற்றியும் ஒரு சொல். காப்பிப் பழம் பறிப்பது நவம்பரிலிருந்து சனவரி வரை. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். பெற்றோர் விடியலில் தோட்டத்துக்குப் போய்விட, வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் நின்றுவிடுவது எங்களுக்குப் புதிதல்ல. உள்ளூரைப் பாடத்தில் சேர்ப்பதற்கு முன், உள்ளூரின் பருவத்தைப் பள்ளி அறிந்துகொள்ளட்டும்.

ஆத்தூர்க் கிழங்கு விவசாயி

இந்த இழையை என் மருமகன் காட்டினான். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிரிடுகிறோம். சவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குக் கொண்டுபோனால் வெறும் எடைக்கு விலை கிடையாது, பாயிண்ட்டுக்குத்தான் விலை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பாயிண்ட். கிழங்கை வெளியே நிறுத்து, பிறகு தண்ணீருக்குள் மூழ்கவிட்டு நிறுப்பார்கள். மாவு மிகுந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும், நீர்த்த கிழங்கு இலேசாகிவிடும். அந்த வேறுபாட்டைக் கொண்டு பாயிண்ட் போடுகிறார்கள். ஒரு பாயிண்ட் குறைந்தால் ஒரு லோடுக்கு எவ்வளவு போகும் என்று எங்களைக் கேளுங்கள்.

இதைப் பள்ளியில் சொல்லித்தருவது நல்லதுதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள், டீச்சர். இந்த அளவையில் விவசாயிக்கும் ஆலைக்கும் நெடுங்காலமாக மனத்தாங்கல் உண்டு. உங்கள் மாணவர்கள் ஒரு தராசை வைத்துக்கொண்டு கிழங்கை நிறுத்துப் பார்த்து, ஆலையில் போட்ட பாயிண்ட் வேறு, நாங்கள் கண்டது வேறு என்று சொன்னால் என்ன ஆகும்? மாணவர்களில் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளையும் இருப்பான், எங்கள் பிள்ளையும் இருப்பான்.

மலையடிவார ஆசிரியை

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் தொடங்கியது தகும் என்று தோன்றுகிறது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாய்மங்கள் என்ற பாடத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் வருகிறது. பொருள் நீரில் மூழ்கும்போது அது இடப்பெயர்ச்சி செய்த நீரின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசையை உணர்கிறது என்ற வரையறையை என் மாணவர்கள் பிழையின்றி எழுதுவார்கள். "ஒரே எடையுள்ள இரண்டு கிழங்குகளை நீருக்குள் நிறுத்தால் ஏன் வெவ்வேறு எடை காட்டுகின்றன?" என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். மாவுச்சத்து நீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே மாவு மிகுந்த கிழங்கு அதே எடைக்குக் குறைந்த கன அளவைக் கொண்டிருக்கும், குறைந்த நீரையே இடம்பெயர்க்கும், எனவே மேல்நோக்கு விசையும் குறையும். இந்தச் சங்கிலியைத் தன் சொற்களில் சொல்லத் தெரிந்த மாணவி, நீட் தேர்வில் இதே தத்துவத்தை எந்த வேடத்தில் கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வாள். மாணவியின் தாயாருக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான். பாடவேளையைக் கூட்டக் கேட்கவில்லை. எப்படியும் அந்தப் பாடத்துக்குச் செலவிடும் வேளைகளில் ஒன்றை மட்டும் தராசோடு செலவிட இசைவு கேட்கிறேன்.

நீங்கள் சொன்ன மனத்தாங்கலைப் பற்றி: அதை மறைத்துவிட்டுத் தத்துவத்தை மட்டும் கற்பிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரே கிழங்குக் குவியலிலிருந்து வெவ்வேறு மாதிரிகளை எடுத்தால் வெவ்வேறு பாயிண்ட் வரக்கூடும். கிழங்கில் ஒட்டிய மண், ஈரம், பிடுங்கியபின் கழிந்த நாள்கள் எல்லாம் அளவை மாற்றும். யார் மேலும் பழி போடாமல், அளவையில் பிழை எங்கெங்கே நுழையலாம் என்று பிள்ளைகள் பட்டியலிடட்டும். ஆலையார் வீட்டுப் பிள்ளைக்கும் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பட்டியல் பொதுவாக இருக்கும்.

திருமணிமுத்தாற்றங்கரையான்

பெருமைக்குரியவற்றையே பேசிக்கொண்டிருக்கிறோம். மாம்பழம், வெண்பட்டு, சவ்வரிசி, கொலுசு என்று பட்டியல் போட்டால் அது கண்காட்சி அரங்காகத்தான் முடியும். சேர்வராயன் மலைப்பகுதியில் பிறந்து, நகரின் நடுவே ஓடி, காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறும் நம் இடம்தான். அது கழிவுநீரும் சாயநீரும் சுமந்து ஓடுவதை எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தின் மேலிருந்து பார்க்கிறோம். மலைமேல் பாக்சைட் வெட்டிய இடங்களும், வெள்ளைக்கல் வெட்டிய பள்ளங்களும் அப்படியே. 1960-களில் மேட்டூரில் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு மலையிலிருந்து தாது போனது என்று படிக்கும் பிள்ளை, வெட்டிய இடத்தில் இப்போது என்ன முளைத்திருக்கிறது என்றும் போய்ப் பார்க்க வேண்டாமா?

ஆற்றை அடிவாரத்தில் ஓரிடம், நகருக்குள் ஓரிடம், நகரைத் தாண்டி ஓரிடம் என்று பார்த்து, நீரின் நிறம், கலங்கல், அமில காரத் தன்மை, கரையில் வாழும் பூச்சிகள் ஆகியவற்றை மழைக்கு முன்னும் பின்னும் எழுதிவைக்கலாம். செலவு மிகக் குறைவு. கையுறையும் கவனமும் போதும். அமில காரத் தாள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கும்.

அம்மாபேட்டைக்காரன்

மறுக்கவில்லை. ஆனால் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவரின் பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும். "உன் அப்பாவால்தான் ஆறு கெட்டது" என்று பக்கத்துப் பையன் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. சாயநீரைச் சுத்திகரிக்க எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு ஒரு சேலையின் விலையில் எவ்வளவு ஏறும், அதை வாங்குபவர் தரத் தயாரா என்ற கணக்கும் உடன் வர வேண்டும். அப்போது வகுப்பில் உள்ள ஒவ்வொருவரின் வீட்டு அலமாரியும் அந்த ஆற்றோடு தொடர்புடையதாகிவிடும்.

இழை நெறியாளர்

இடையில் பயிற்று மொழியைப் பற்றி வந்த சில பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியுள்ளேன். இங்கே பொருளை விட்டு விலகாமல் தொடர வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

இதுவரை படித்தபின் என் எதிர்ப்பின் கூர்மை சற்று மழுங்கியிருக்கிறது, எச்சரிக்கை குறையவில்லை.

இப்படிப்பட்ட முயற்சிகள் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் தோற்பதில்லை. நிர்வாகத்துக்குள் வேர் விடாமல்தான் தோற்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பிள்ளைகளே சோதனை செய்து கற்கும் முறையில் அமைந்தது. அது பல மாவட்டங்களுக்குப் பரவியும், 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது. நம் மாநிலத்திலும் செயல்வழிக் கற்றல் அட்டைகள் எவ்வளவு ஆரவாரத்தோடு வந்தன, இன்று பள்ளி அலமாரிகளில் எப்படிக் கிடக்கின்றன என்பதை நாம் கண்டோம். அரூர்ப் பக்கம் சிட்டிலிங்கியில் துளிர் போன்ற கல்வி மையங்கள் மலைப் பிள்ளைகளோடு இதைப் பொறுமையாகச் செய்துவருகின்றன. அங்கே செய்பவர்கள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். அரசுப் பள்ளி ஆசிரியரோ பணியிட மாறுதல் கலந்தாய்வில் அடுத்த ஆண்டே வேறு மாவட்டத்துக்குப் போய்விடலாம். நீங்கள் போனால் வெள்ளைக்கல்லும் உங்களோடு போய்விடும், அம்மையாரே.

ஆகவே என் ஆலோசனை ஒன்றுதான்: ஒரு பதிவேடு வையுங்கள். எந்தப் பாடத்துக்கு உள்ளூரில் எந்தப் பொருள், அது யாரிடம், எந்த மாதத்தில் கிடைக்கும், வகுப்பில் என்ன கேள்வி எழுந்தது, எது சரிப்படவில்லை என்று எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் ஆவணமாகவே அதை ஆக்கிவிடுங்கள். தலைவர் ஒரு பெற்றோர் என்பதால் அந்த ஏடு ஊரிலேயே தங்கும். தறிப் பாடம் நடந்த நாளில் தறி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அட்டையைக் கையில் எடுத்தனர் என்பதையும் அதில் எழுதுங்கள். என் பழைய அச்சத்துக்கு அந்த ஒரு கட்டம்தான் விடை சொல்லும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்

கிழங்குக் கணக்கை மகளிடம் காட்டினேன். அவள் சமையலறை வாளியில் உருளைக்கிழங்கை மூழ்கவிட்டுப் பார்த்தாள். நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. தேர்வு நெருங்கும் மாதங்களில் வெளியே அழைத்துப் போகாமல், வகுப்பறைக்குள்ளேயே வைத்துச் செய்வதாயின் குழுக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசமாட்டேன்.

மலையடிவார ஆசிரியை

நன்றி, அம்மா. அடுத்த கல்வியாண்டில் இரண்டு பாடங்களோடு மட்டும் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறேன்: எட்டாம் வகுப்புக்கு இரண்டு வெள்ளைக் கற்கள், ஒன்பதாம் வகுப்புக்குக் கிழங்கின் பாயிண்ட். அம்மாபேட்டை நண்பர் ஒரு பழைய ஜக்கார்டு அட்டைத்தொடரைத் தர இசைந்தால் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரிடம் சேர்ப்பேன். ஆற்றுப் பாடத்துக்குத் துறையின் இசைவும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் அதை இப்போதைக்கு எடுக்கவில்லை. ஏற்காட்டு நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு பெயர் எழுதும் செடி ஏட்டை எங்கள் அடிவாரத்திலும் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன், பெயர் சொல்லித்தர யாரேனும் பெரியவர் இறங்கிவர இயலுமா? போக்குவரத்துச் செலவோடு ஒரு நாள் கூலியும் தர வேண்டும் என்று குழுவில் கேட்பேன்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பாய்மங்கள் பாடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வருகிறது. சூலை மாதத்தில் கிழங்கு கிடைக்குமா, ஐயா?

ஆத்தூர்க் கிழங்கு விவசாயி

சூலையில் எங்கேனும் கொஞ்சம் கிடைக்கும், பாயிண்ட் நிற்காது. கார்த்திகைக்குப் பிறகு முற்றிய கிழங்காக வரும், தை வரை கேட்ட அளவுக்குத் தரலாம். பாடத்தைத் தள்ளிவைக்க முடியாவிட்டால், சூலையில் கிடைக்கும் இளங்கிழங்கை ஒரு முறையும், மார்கழியில் முற்றியதை ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். தொங்குதராசு என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, முத்திரை போட்டு நாளாகிவிட்டது, அதைச் சரிபார்த்துத்தான் தர வேண்டும். பேருந்தில் ஏற்றிவிடுகிறேன், ஆத்தூர் வண்டி எந்த நிறுத்தத்தில் நின்றால் உங்களுக்கு வசதி என்று எழுதுங்கள்.